மூன்று மாடி நிழலும் ஒரு ரிக் வண்டியும்

எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருந்த காலி மனையில் ஒரு நாள் பெரிய பலகை நட்டார்கள். அதில் மூன்று மாடிக் கட்டிடம், கட்டிடத்தைச் சுற்றிப் புல்வெளி, புல்வெளியில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராசிபுரம் பக்கத்து வெயிலில் புல் எங்கே முளைக்கும், இந்த ஆள் எந்த ஊரை விட்டு இங்கே குடிவரப் போகிறார் என்று தெருவே கூடிப் பேசியது. நாய் நல்ல நாய் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஜவ்வரிசி வடகம் போட்டு விற்கிறவள். விடிகாலையில் கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் துணி விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு இறங்கிவிடுவேன். மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். அந்தப் பக்கம் மூன்று மாடி எழுந்தால் அதன் நிழல் நேராக வந்து என் மாடியில் படுத்துக்கொள்ளும். ஈர வடகத்தில் பூஞ்சணம் பூக்கும், அப்புறம் கடைக்காரர் என் முகத்தில் முழிக்கமாட்டார். 

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பார்த்துக்கலாம் என்றார். எதைச் சொன்னாலும் பார்த்துக்கலாம் என்பார், எதையும் பார்க்கமாட்டார்.

பேரூராட்சியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அனுமதி கொடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணையைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை மனைக்கே வருகிறோம் என்று கவுன்சிலர் வீடு வீடாக வந்து சொன்னார். நானும் ஆதரவு கேட்டு அதே வீடுகளுக்குப் போனேன். எதிர்வீட்டு அக்கா, நிழல் வந்தால் நல்லதுதானே, வெயிலில் வெந்து சாகிறோமே என்றார். பக்கத்து வீட்டு மாமாவோ, நிழல் ஒரே இடத்தில் நிற்காது, நகர்ந்துவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, கண்ணால் காட்டினால்தான் உண்டு என்று முடிவு செய்தேன்.

என் தம்பி திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிறான். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதுதான், எங்கள் பேச்சில் போர் போடுவதுதான், அவன் தொழில். வண்டியின் மேல் படுத்திருக்கும் மாஸ்ட் என்கிற இரும்புக் கம்பத்தை நிமிர்த்தினால் இரண்டு மாடி உயரம் வரும். உச்சியில் ஒரு மூங்கிலைக் கட்டினால் மூன்று மாடி. ஆட்சேபணைக் கூட்டம் நடக்கும்போது அந்த உயரத்தையும் அது போடும் நிழலையும் எல்லாருக்கும் காட்டிவிடலாம். தம்பியும் ஒப்புக்கொண்டான். அன்றைக்கு வேறொரு ஊருக்கு போர் போடப் போகிற வழிதான் என்று கம்ப்ரசர் லாரி, ஆட்கள், குழாய்கள் எல்லாவற்றோடும் காலையிலேயே வந்து இறங்கினான்.

நிழல் சரியாக விழவேண்டுமே என்று வண்டியை மனைக்குள் என் சுவரை ஒட்டி நிறுத்தச் சொன்னேன். மாஸ்ட் நிமிர்ந்தது. மூங்கிலின் நுனியில் என் பழைய சிவப்புப் புடவை படபடத்தது. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நிழல் விழுந்திருந்தது. கயிறு மாதிரி ஒற்றைக் கோடு, ஒரு வரிசை வடகத்தின் மேல். மாஸ்ட் எவ்வளவு ஒல்லி என்பது எனக்கு அதற்கு முன்னால் உறைக்கவே இல்லை. சரி, அகலத்தை அவரவர் மனதில் விரித்துக்கொள்ளட்டும் என்று கீழே இறங்கினேன்.

இறங்குவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் ரிக் வண்டி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டு அக்கா மஞ்சள், குங்குமம், கற்பூரத்தோடு வந்து வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கடைசி வீட்டுக்காரர் இங்கே போர் போட்டால் தன் போர் வற்றிவிடும் என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றார். பக்கத்து வீட்டு மாமா உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்குமாம். அது ரிக் வண்டிக்குப் பின்னால் எழுந்து நின்றது. வேறு எங்கே நிற்கும், அங்கேதானே வண்டி இருக்கிறது.

இது போர் போட இல்லை, நிழல் காட்ட என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று என் தம்பியிடம் விசாரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலரும் கட்டிடக்காரரும் வந்து சேர்ந்தார்கள். கற்பூரம் எரிவதைக் கண்டதும் கவுன்சிலர் செருப்பைக் கழற்றினார். யாரோ கையில் கொடுத்த தேங்காயை வாங்கி, கும்பிட்டு, ஒரே போடாகப் போட்டு உடைத்தார். பூஜை என்றால் தன்னைத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, மாஸ்ட்டை இறக்கு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, தேங்கா ஒடச்சாச்சு. இனிக் குழி போடாம மாஸ்ட்ட எறக்குனா வண்டிக்கு ஆகாதுங்கக்கா."

கட்டிடக்காரருக்கு ஏக சந்தோஷம். எப்படியும் போர் போட்டுத்தானே ஆகவேண்டும், கவுன்சிலர் கையாலேயே ஆரம்பித்ததாக இருக்கட்டும் என்று அங்கேயே தம்பியிடம் பேசி முடித்துவிட்டார்.

கம்ப்ரசர் உறுமியது. பாறையை அரைத்த வெள்ளைப் புழுதி குழியிலிருந்து பொங்கி எழுந்தது. மேலே, இன்னும் மேலே, மூங்கிலையும் புடவையையும் தாண்டி, மனை அகலத்துக்கு விரிந்து நின்றது. அப்போதுதான் பார்த்தேன். என் மொட்டைமாடி முழுக்க இருட்டு. எதிர்வீட்டுக் கொடித்துணி வரைக்கும் இருட்டு. நான் இத்தனை நாளாகச் சொன்ன மூன்று மாடி நிழல், அகலத்தோடும் உயரத்தோடும் தெருவில் வந்து நிற்கிறது. இதுதான், இதைத்தான் சொன்னேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கம்ப்ரசர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லாரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய வடகமெல்லாம் விபூதி பூசிக்கொண்டது.

மத்தியானம் தண்ணீர் பீறிட்டு வந்தது. பெரியவர்களெல்லாம் நனைந்து குதித்தார்கள். சண்டைக்கு வந்தவரே குடம் எடுக்க ஓடினார். தெருவுக்கும் ஒரு குழாய் தருவதாகக் கட்டிடக்காரர் சொன்னதும், தலை சொட்டச் சொட்ட நின்ற கவுன்சிலர் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கி வெயிலைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதை மறுக்கமுடியாது.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா வெயிலுக்கு ஏதுங்க பட்டா?"

அதற்குமேல் தெருவே வாய் திறந்தது, வெயிலுக்காக இல்லை. போரை ஒட்டிக் கட்டிடம் வரக்கூடாது, கழிவுத்தொட்டி கிட்டத்தில் இருக்கக்கூடாது என்று ஆளாளுக்குப் பிடித்த பிடியில், கட்டிடம் என் சுவரை விட்டுத் தெற்கே தள்ளிப் போனது. ஆஹா, தப்பித்தேன் என்று அன்று ராத்திரி பாயசம் வைத்தேன். கட்டிடக்காரரோ இடம் குறைந்ததை ஈடுகட்ட ஒரு மாடியைக் கூட்டிக்கொண்டார். அதற்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த தை மாதம் நிழல் தள்ளி நின்றபடியே கையை நீட்டி என் மாடியைத் தொட்டது.

ஒரு வாரம் ஈர வடகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அழுகைகூட வந்தது. ஒரு நாள் கோபம் பொத்துக்கொண்டு வர, கூழ்ச்சட்டியையும் துணியையும் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து, லிஃப்டில் ஏறி உச்சிக்குப் போய்விட்டேன். நாலு மாடிக்கு மேலே வெயில் அப்படியே கிடந்தது. துணியை விரித்துப் பாதி ஊற்றியிருப்பேன். புதிதாகக் குடிவந்த ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், முறத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இங்க காயப் போடறதுக்கு யாரக் கேட்டீங்க?"

"யாரக் கேக்கோணும்? இது என்ற வெயிலுங்க. கீழ இருந்தத மேல தூக்கிட்டு வந்துட்டீங்க" என்றேன். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மாடிச்சுவர் ஓரம் போய், கீழே நிழலில் கிடந்த என் வீட்டைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் திரும்பி வந்தாள்.

"அப்பப் பாதிய நீங்க எடுத்துக்குங்க. மீதியில நான் மொளகா காயப் போடோணும்."

என் வெயிலை எனக்கே பாதியாகப் பிரித்துக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.