பார்க்க வந்தவர்களைப் படம் எடுத்தவன்

நாடகக் குழுவில் போட்டோ பிடிப்பவனுக்கு நடிகர்களால் ஒரு தொல்லையும் கிடையாது. கேமராவைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் கதாநாயகன் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவான். தொல்லையெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பவர்களால்தான். கல்யாண வீட்டில் "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒருமுறையாவது கெஞ்சியிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குழு தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் ஊராகக் கொட்டகை போட்டுச் சமூக நாடகம் நடத்தியது. போஸ்டர் ஒட்டுவது, திரை இழுப்பது, போட்டோ எடுப்பது மூன்றும் நான். திருவிழாக்களுக்கு நாடகம் பேசிவிடும் தஞ்சாவூர் காண்டிராக்டர் ஒருநாள் எங்கள் முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். நடிகர் படத்தை எல்லாக் குழுவும்தான் கொண்டுவருகிறது, எனக்குக் கூட்டத்தின் படம் வேண்டும், பொங்கலுக்குள் வராவிட்டால் கோடைத் திருவிழா அத்தனையும் வேறு குழுவுக்குப் போய்விடும் என்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் எல்லோருடைய கோடைக்காலச் சோறும் என் கழுத்தில் தொங்கிய பெட்டிக் கேமராவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கேஸ் நடக்கிறது

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிஞ்சிய நிலம் கைவிட்டுப் போகாமலிருக்கப் பெரிய நிலக்காரர் வீடுகளில் நேற்றுவரை ஒரே உலையில் சாப்பிட்டவர்கள் காகிதத்தில் மட்டும் அவசர அவசரமாகப் பிரிந்துகொண்டிருந்த காலம். முன்வரிசை நாற்காலியில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே பொட்டலத்தில் கைவிட்டு வேர்க்கடலை தின்றபடி தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல விளம்பரம் ஏது? யாரையும் கேட்காமல் ஒன்று தட்டிவிட்டேன்.

அண்ணன்காரர் எழுந்து வந்தார். தோளில் கைபோட்டுப் பாசமாகக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். படம் நல்லா விழுந்திருக்குமா என்று கேட்டார். அருமையாக விழுந்திருக்கும் என்று நானும் பூரித்துப்போய்ச் சொன்னேன். அவர் சொன்னார்: "பாகப்பிரிவினைக் கேஸ் நடக்குது தம்பி. கோர்ட்டுல நாங்க ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கிறதில்ல. ரோலைக் கழட்டுங்க."

படுத்த படுக்கை

ஒரு முழு ரோல் வெளிச்சம் பட்டுப் பாழானதும் முதலாளி சட்டம் போட்டுவிட்டார்: இனிமேல் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சட்டம் போடுவது சுலபம். கேட்டுப் பார்த்தவனுக்குத்தானே தெரியும்!

கூத்தாநல்லூரில் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, பெண்கள் உட்காரும் பக்கம் கேமராவைத் திருப்பவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். ஆண்கள் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை ராவுத்தர் நகைச்சுவைக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். உடனே சரி என்றார். தொப்பியை நேராக்கினார், தாடியைத் தடவினார், நெஞ்சை நிமிர்த்தினார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பத்திரிகையில வந்தாலும் வரும் பாய், சிங்கப்பூர்லகூடப் பாப்பாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் துண்டை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஒடம்பு முடியலன்னு சொல்லித்தான் மவனை அங்கேருந்து வரவழைச்சிருக்கேன். அவன் வந்து எறங்குற வரைக்கும் நான் படுத்த படுக்கையாத்தான் இருக்கணும் தம்பி."

நடுவில் ஒரு கோடு

கேட்காமலே சம்மதம் கொடுத்தவர் ஒரே ஒருவர். ஒரு கரைவேட்டிப் பிரமுகர். கறுப்பும் சிவப்புமாகக் கரை தெரியும்படி வேட்டியை விரித்து உட்கார்ந்து, தம்மை நடுவில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தேன். பின்னால் கூட்டம் அம்பாரமாக விழுந்திருந்தது. காண்டிராக்டரிடம் கொடுக்கப் பெரிதாக்கி வைத்துவிட்டு, நிம்மதியாக ஒரு சினிமாகூடப் பார்த்தேன்.

அதற்குள் கட்சி இரண்டாகிவிட்டது. பிரமுகர் எங்கள் முகாமைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் வேட்டிக் கரையில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே புதிதாக வெள்ளை முளைத்திருந்தது. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் நடுவில் வெள்ளை இல்லை என்பது நன்றாகவே தெரிந்தது. படம் இப்படியே வெளியே வந்தால் கொட்டகை இருக்காது என்று புன்னகை மாறாமல் சொன்னார். வேறு வழி உண்டா என்று கேட்டேன். "நடுவுல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இழுத்துவிடுங்க. சிரிப்பு அப்படியே இருக்கட்டும்."

கோடு இழுத்தேன். பிரஷ் நழுவி அவர் கால் காணாமல் போய்விட்டது. அந்தப் படமும் போயிற்று.

பின்பக்கம்

பொங்கல் நெருங்கிவிட்டது. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம். அங்கே அறுப்புக்கூலித் தகராறு. கூலியாட்கள் கூடுகிற இடத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தடவை அறுப்பே கிடையாது, வெளியூர் ஆளை இறக்கிவிடுவேன் என்று மிராசுதார் சொல்லியிருந்தார். நாடகம் பார்க்கக் கூடினாலும் அவருக்குக் கூட்டம் கூட்டம்தான். ஆனாலும் சாயங்காலமே தெரு மொத்தமும் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கேமராவை எடுத்ததும் சலசலப்பு நின்றுவிட்டது. எனக்கே சங்கடமாகிவிட்டது. என் சோற்றுக்காக இவர்கள் சோற்றில் கைவைக்க முடியுமா?

நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் திரட்டிக்கொண்டு போகிற பாக்கியம் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். படம் இல்லாமல் போனால் எங்கள் குழுவுக்குக் கோடையில் பிழைப்பில்லை என்பதையும் சொன்னேன். அக்கா கூட்டத்தைப் பார்த்து எல்லோரும் மேடைப் பக்கமே பார்த்து உட்காருங்கள் என்று சத்தம் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்: "மூஞ்சி வேணாம் தம்பி. பின்னால நின்னு எடுத்துக்குங்க. முதுகுல பேரா எழுதியிருக்கு?"

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டேன். மேடையில் வேஷம், கீழே முதுகு முதுகாக ஊரே உட்கார்ந்திருந்தது. காண்டிராக்டர் முகம் இல்லை என்று திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கலயே! நாடகம் அப்படிப் புடிச்சிப்போச்சா சனத்துக்கு?"

டீக்கடைத் தட்டி

கோடை முழுவதும் நாடகம் பேசியாயிற்று. அந்தப் படத்தைப் பெரிதாக்கி விளம்பரத் தட்டிகளில் ஒட்டினோம். கீழ்வேளூரில் ஒரு டீக்கடை வாசலில் நான் தட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, பேப்பர் வாங்க வந்த அந்த மிராசுதார் அதன் முன்னால் நின்றுவிட்டார். எனக்குப் பெரிய கவலையில்லை. முதுகுதானே?

அவர் கைத்தடியை நீட்டி ஆரம்பித்தார். இது பாக்கியம். பக்கத்தில் வலது தோள் இறங்கியிருப்பவன் காத்தான். இது அவன் தங்கச்சி. அந்தக் கடைசியில் கூன் விழுந்தவள் இன்னாள். தயங்கவேயில்லை, ஒரு வரிசை விடாமல் பெயர் சொல்லிக்கொண்டே போனார். எப்படிங்க ஐயா கண்டுபிடிக்கிறீங்க என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பொறந்ததுலேருந்து வரப்பு மேலதான் நிக்கிறேன். அவளுவ குனிஞ்சி நடுறாளுவ, இவனுவ குனிஞ்சி அறுக்குறானுவ. வேற எதைய்யா நான் பாத்தேன்?"

முன்வரிசை

மிராசுதார் சொன்னபடியே படத்தில் இருந்த எல்லோரையும் அறுப்பிலிருந்து நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அறுக்க ஒருவரும் பாக்கியில்லை என்பது அவருக்கு உறைத்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தகராறு என்று தெரிந்ததும் வயலில் இறங்காமலே திரும்பிவிட்டார்கள். தை மாதத்து மழையில் கதிர் சாய்ந்ததும் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார், கேட்ட கூலிக்கே. பாக்கியம் அக்காவை மட்டும் கூப்பிடவில்லை. அக்கா பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய் அறுத்தார் என்று கேள்விப்பட்டபோது, அந்தக் கோடையில் நான் தின்னப்போகும் சோறு யாருடையது என்று தெரிந்துபோயிற்று.

சித்திரையில் அதே ஊரில் மறுபடி கொட்டகை போட்டோம். நான் கேமராவை வெளியே எடுக்கவேயில்லை. பாக்கியம் அக்கா தலை வாரி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கமே திரும்பி நிமிர்ந்தார். வேண்டாம் அக்கா என்றேன். "எடுங்க தம்பி, மூஞ்சியவே எடுங்க. அதுதான் அந்த மனுசனுக்குத் தெரியாது."

அந்தப் படத்தைத்தான் அடுத்தபடியாக அதே டீக்கடைத் தட்டியில் ஒட்டினேன். மிராசுதார் பேப்பரை மடித்துக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார் என்றும், "யாரு இந்தம்மா, வெளியூரா?" என்று கேட்டார் என்றும் கடைக்காரர் சொன்னார். ஆகவே அன்பர்களே, என் தொழிலில் ஓர் ஆளை ஒளித்துவைக்க அவர் முகத்தைவிடப் பத்திரமான இடம் கிடையாது.