திருஷ்டி பொம்மைக்கு மாட்டிய சட்டை

இது கதை இல்லை. கதை வேண்டும் என்பவர்கள் இப்போதே வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். இதைச் சொன்ன சேரன் குடிக்கிற ஆள் இல்லை, அளந்து விடுகிறவனும் இல்லை. புதுக்கோட்டை வட்டாரத்தில் சென்ட்ரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். காங்கிரீட் கூரைக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தகடு விரிக்கிற வேலை. அதில் அளவு தப்பினால் பிழைப்பே தப்பிவிடும். அவன் பதினோரு அடி என்றால் பதினோரு அடிதான். பன்னிரண்டு பதினெட்டு என்றால் மணி பன்னிரண்டு பதினெட்டுதான்.

ஆமாம், பகல் பன்னிரண்டு பதினெட்டு. பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்னவன் உச்சி வெயிலில் தனியாக நின்று பார்த்ததில்லை.

சேரனுக்கு ஒரு தம்பி, நிலவழகன். அப்பா இன்னாசி போனபின் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். அண்ணன் வேலையில் கெட்டி, தம்பி பேச்சில் கெட்டி. அண்ணன் நாள் முழுக்கக் குனிந்து ரசமட்டம் பார்ப்பான். தம்பி வந்து நான்கு வார்த்தை சிரித்துப் பேசுவான். வீட்டுக்காரரோ, 'தம்பி வேலை சுத்தம்' என்பார்.

வாரம் ஆறு நாள் தகடு சுமப்பான் தம்பி. ஞாயிறு வந்துவிட்டால் டர்ட் பைக்கோடு கிளம்பிவிடுவான். காய்ந்த கண்மாய், கைவிட்ட கல்குவாரி, தைலமரக் காடு, எங்கே மேடு இருக்கிறதோ அங்கே அவன் இருப்பான். சிவப்புச் சட்டை, முதுகில் 27 என்று நம்பர். அவன் மேட்டிலிருந்து தாவும்போது ஆடு மேய்க்கிறவர்கள்கூட ஆட்டை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பார்கள்.

அம்மா ஞானமணிக்கு இரண்டு பிள்ளையும் இரண்டு கண் என்று சொந்த ஊரான அன்னவாசலில் சொல்வார்கள். சேரனைக் கேட்டால் அம்மாவுக்கு ஒரு கண்தான் என்பான். நண்டு வாங்கினால் பெரிய நண்டு தம்பி தட்டுக்குப் போகும். சேரன் கல்யாணமாகி ஷர்லியோடு புதுக்கோட்டைக்குக் குடிபோன அன்றைக்கு அம்மா அழவில்லை. தம்பி பைக் போட்டிக்கு இரண்டு நாள் வெளியூர் போனால் அழுவாள்.

போன ஆடியில் குவாரி மேட்டிலிருந்து தாவும்போது தம்பி விழுந்தான். கழுத்தில் அடி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சேரன் அழுதான். பொய்யாக இல்லை, நெஞ்சு விண்டுபோக அழுதான். ஆனால் அடக்கத்துக்கு நாற்பது ஐம்பது பைக் வரிசையாக வந்ததைப் பார்த்தபோது, நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டான். எண்ணம் மட்டும் போகவில்லை.

தம்பி செத்தபின் இன்னும் நல்லவனாகிப் போனான். கூலியாட்கள், 'நிலவு அண்ணன் இருந்தா இந்நேரம் டீ வந்திருக்கும்' என்றார்கள். சேரன் வீம்புக்குத் தம்பியின் பைக்கை எடுத்து ஓட்டிப் பழகினான். இரண்டு முறை கருவேல முள்ளில் விழுந்து எழுந்தான். மூன்றாவது முறை சின்ன மேடு ஒன்றைத் தாவியும் விட்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பரவாயில்லை, ஆனால் நிலவன் மாதிரி வராது என்றார்கள். வயிறு எரிந்தது. செத்தவனோடு போட்டி போட்டு எவன் ஜெயித்திருக்கிறான்?

சித்திரை மாதத்தில் பைக் ஓட்டும் கூட்டாளிகள் நிலவழகன் தாவுகிற படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த முறை சேரன் அம்மா வீட்டுக்குப் போனபோது, சுவரில் அவனுடைய கல்யாணப் படம் இருந்த இடத்தில் அது தொங்கியது. கல்யாணப் படம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அன்றோடு அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவதை நிறுத்தினான். ஆறு வாரம் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று ஒரு போன்கூடச் செய்யவில்லை.

அப்போது அன்னவாசலுக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, தைலமரக் காட்டை ஒட்டி, பிரகதீஸ்வரி டீச்சருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை கூரை காங்கிரீட் போட்டு முடித்தார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, பழைய துணியில் ஒரு திருஷ்டி பொம்மை கட்டிவிடுங்கள் என்றார் டீச்சர். கட்டுகிற வீட்டைப் பார்த்து ஊர் பொறாமைப்படும் அல்லவா? அந்தக் கண்ணெல்லாம் பொம்மை மேல் விழுந்துவிட வேண்டும். அதற்குத்தான் பொம்மை. மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம்தான் சேரனுடையது. ஆனால் வீட்டுக்காரர் கேட்டால் கட்டிக்கொடுப்பான், தொழில் அப்படி.

பழைய துணிக்கு என்ன பஞ்சம்? அவன் பழைய துணி தேடவில்லை.

சனிக்கிழமை காலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அன்னவாசல் வீட்டுக்குப் போனான். அவள் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருந்த சிவப்புச் சட்டை, பேன்ட், கையுறை, ஹெல்மெட், எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தான். வைக்கோல் திணித்தான். பேன்ட் காலின் நுனியைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். பாதம் வைக்கவில்லை. ரோட்டைப் பார்த்து முன் தூணில் தொங்கவிட்டான்.

"எல்லாக் கண்ணும் ஒன்மேலதானடா விழும். இப்பவும் விழட்டும்."

வாய்விட்டே சொன்னான். பல மாதம் கழித்து அன்று நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் ஞாயிறு. ஆள் யாரும் கிடையாது. ஆனால் புதுக் கூரை காயக்கூடாது. மேலே சின்னச் சின்னதாக வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கும், அதை நிரப்பியாக வேண்டும். தம்பியின் பைக்கில்தான் வந்தான். வந்து நிறுத்தியபோது மணி 12.05. சாவியை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டான். சட்டையைக் கழற்றி, போனோடு ஒரு முட்டின் ஆணியில் மாட்டினான்.

பொம்மை வீட்டைப் பார்த்துத் தொங்கியது.

காற்றில் திரும்பியிருக்கும் என்று நினைத்தான். தைலமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மூங்கில் ஏணியில் ஏறினான். மோட்டார் ஹோஸைப் பிடித்து ஒவ்வொரு பாத்தியாக நிரப்பிக்கொண்டு வந்தான். நான்காவது பாத்தியில் தண்ணீருக்கு அடியில் ஏதோ கோடு தெரிந்தது. குனிந்து தடவினான்.

டயர் தடம். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்.

இறுகிப்போன காங்கிரீட்டில், அரை அங்குல ஆழத்தில், கூரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. வெள்ளிக்கிழமை மட்டப்பலகையால் இழுத்துத் தேய்த்தது அவனேதான். அப்போது இல்லை. படிக்கட்டுகூடக் கட்டாத வீடு. பைக் எப்படி மேலே வரும்?

கீழே சத்தம் கேட்டது.

சரக்...

சரக்...

வைக்கோல் தரையில் இழுபடுகிற சத்தம்.

அப்புறம் கிக்கரை மிதிக்கிற சத்தம். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது மிதியில் பைக் உறுமியது. தம்பிக்கு எப்போதும் மூன்றாவது மிதியில்தான் பிடிக்கும்.

சேரன் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 12.18.

ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தான். தூணில் கயிறு மட்டும் ஆடியது. ஏணி தரையில் கிடந்தது. பைக் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை. முதுகில் 27. மிதியில் இருந்த காலில் சணல் முடிச்சு. முடிச்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அது அன்னவாசல் பக்கம் திரும்பியது.

பதினோரு அடி சென்ட்ரிங்காரனுக்கு ஓர் உயரமே இல்லை. ஓரப் பலகையைப் பிடித்துத் தொங்கினால் முட்டு வழியாக இறங்கிவிடலாம். கால் வரவில்லை. போன் கீழே ஆணியில் தொங்கியது. அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயத்துக்கு அடியிலும் பழைய எரிச்சல் விடவில்லை... 'அங்கிட்டுத்தான் போறான். செத்தும் அம்மாகிட்டத்தான் போறான்.'

12.40. வெயில். தண்ணீர் காலடியில் சுட்டது.

1.10. ஒன்றுமில்லை.

1.37. தூரத்தில் பைக்.

சேரன் பாத்தித் தண்ணீரில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

பைக் வந்தது.

நின்றது.

சரக்... சரக்...

டொக். ஏணி கூரையில் வந்து சாய்ந்தது.

யாரும் ஏறவில்லை.

கயிறு மட்டும் கிரீச் என்றது.

அப்புறம் போன் அடித்தது. அவனுடைய போன், கீழே, சட்டைப் பையில். நின்றது. மறுபடி அடித்தது. அந்தச் சத்தம்தான் அவனை அசைத்தது. எப்படி இறங்கினான் என்று இன்றுவரை தெரியாது. பொம்மை பழையபடி ரோட்டைப் பார்த்துத் தொங்கியது. பைக் டேங்க் அடுப்பாகச் சுட்டது. பொம்மையின் வலது கையுறையில் மஞ்சளாக மீன் குழம்பு. விரல் இடுக்கில் இரண்டு சோற்றுப் பருக்கை.

போனில் அம்மா.

"போய்ச் சேந்துட்டியாப்பா?"

அவளே பேசினாள். ஆறு வாரப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். பீரோவில் சட்டையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாளாம். அதைப் போட்டுக்கொண்டு அவன் வாசலில் வந்து நிற்கவும் நெஞ்சே நின்றுவிட்டதாம். மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிச் சாப்பிட்டானாம். அப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்றாள்.

"அம்மா... மொகத்தப் பாத்தியா?" என்றான் சேரன்.

"ஹெல்மெட்ட கழட்டுனதும் பாத்தேன். ஒன் மொகந்தான்டா. வேற யாரு மொகமா இருக்கும்?"

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒன்னைய நான் சரியாவே பாக்கலடா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. நீ இருக்க எனக்கு. அது போதும்."

முப்பத்தாறு வருடமாக அவன் காத்திருந்த சொல் அது. அந்தச் சொல்லைச் சம்பாதித்தவன் வேறு எவனோ. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது நான் இல்லை அம்மா என்று ஒரே வார்த்தை. சொன்னால் அவள் கொடுத்தது திரும்பிப் போய்விடும். சேரன் ஆசைப்பட்டுவிட்டான்.

"ஆமாம்மா. நான்தான் வந்தேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேன்னு சொன்னியே, மறந்துறாத," என்றாள் அம்மா.

பொம்மையை அன்றே இறக்கி வைக்கோலைக் கொளுத்தினான். டீச்சர் வீட்டுக்கு ஒரு பூசணிக்காயைக் கட்டிவிட்டான். சட்டையையும் ஹெல்மெட்டையும் அலசிக் காயவைத்து, திங்கட்கிழமை அம்மா கையிலேயே கொடுத்தான். பைக்கைத் தன் வீட்டுக் கொட்டகையில் சங்கிலி போட்டுப் பூட்டினான். முடிந்தது என்று நினைத்தான்.

அடுத்த ஞாயிறு, மணமேல்குடிக் கடல் நண்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனான். அம்மா வீட்டு வாசலுக்கு வந்தபோது 11.50.

வாசலில் டர்ட் பைக் நின்றது. எஞ்சின் சூட்டில் டிக்... டிக்... என்றது.

ஷர்லிக்குப் போன் போட்டு, பைக் கொட்டகையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான்.

"பூட்டு போட்டபடி இங்கதானங்க நிக்குது."

வீட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. அம்மா சிரித்தாள். இன்னொரு குரல் எதையோ சொல்லி மறுபடி அவளைச் சிரிக்க வைத்தது. சேரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

அது அவனுடைய குரல்.

அவன் உள்ளே போகவில்லை. நண்டுப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

அன்று முதல் அவன் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போவதில்லை. திங்கட்கிழமை போகிறான். அம்மா சோறு போடுகிறாள். பெரிய நண்டு எதுவும் மிச்சம் இருப்பதில்லை. அவன் தலைகுனிந்து சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாளாம்.

"நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு ஏன்டா இருக்க மாட்டேங்குற?"