ஒரு பேஜார் கடிதம்

நாடு விடுதலை அடைந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் ஒரு முகமூடிக்காரனைப் பற்றியவை. சென்னையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையின் படக்கதையில் வந்தவன் அவன். கறுப்பு முகமூடி, முழங்கால்வரை அங்கி, நினைத்த மாத்திரத்தில் பறப்பான். யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில் அவனை நிறுத்திவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து மறுபடி கொண்டுவந்தபோது, கதை எழுத ஒரு பெரிய நாவலாசிரியரை அமர்த்தினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த என் அப்பாவுக்கு அந்த நாவலாசிரியர் மேல் அவ்வளவு பக்தி. முதல் வாரக் கதையிலேயே அந்தப் பக்தி பாதி கரைந்துவிட்டது.

பழைய முகமூடிக்காரன் ஜன்னல் வழியாகப் பறந்து போவான். புதியவன் ஜன்னலோரம் நின்று யோசித்தான். ஆறு கட்டங்களில் நாலு கட்டம் யோசனைக்கே போய்விடும். பறக்கத் தெரிந்தவன் ரேஷன் கடை வரிசையில் நின்று, அரிசி பதுக்கியவனிடம் நியாயம் பேசினான்.

"பறக்கிறவன் பறக்கணும்மா. சும்னே நின்னுக்கிட்டு மாத்தாடினா யாருக்கு வேணும்?" என்பார் அப்பா.

கன்னடத்தில் சும்னே என்றால் சும்மா, மாத்தாடுவது என்றால் பேசுவது. மைசூரில் எங்கள் தமிழில் இப்படிக் கன்னடம் கலந்திருக்கும். கலந்திருப்பது எங்களுக்கே தெரியாது.

எனக்கு அந்தப் புதியவனைப் பிடித்திருந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது; டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன்; நானும் ஜன்னலோரம் நின்று நிறைய யோசிப்பேன். ஒரு வாரம் அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு, பல வருடம் பிரிந்திருந்த தாயைப் பார்க்கப் போனான். வெறும் முகத்தோடு நின்ற மகனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. 'யாரப்பா, தண்ணீர் வேண்டுமா?' என்று சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த வாரம் முழுவதற்கும் அந்த ஒரு வசனம்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன்.

அதே இதழில்தான் அறிவிப்பு வந்தது. படக்கதையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று வாசகர்கள் எழுத வேண்டுமாம். அடுத்தடுத்த வாரங்களில் வந்த கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். முகமூடிக்காரனுக்குச் சிறகு முறிந்துவிட்டதா என்றார் ஒருவர். அவனைச் சட்டசபைக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே பேசட்டும் என்றார் இன்னொருவர். அவனைக் காப்பாற்ற என்னைவிட்டால் ஆளில்லை என்று தோன்றியது. அப்பாவிடம் காட்டாமல் ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

'தாயும் மகனும் சந்தித்த வாரத்தைப் படித்து எனக்கு மிகவும் பேஜாராகிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இப்படி ஒரு கதையை நான் படித்ததே இல்லை.'

அச்சில் வந்துவிட்டது! எதிர்க்கட்சிக்காரராக இருந்தும் அப்பா தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் நாலு பிரதி வாங்கிவந்தார். நானும் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன். இரண்டு வாரம் கழித்து, வாசகர்களின் ஏகோபித்த கருத்தை ஏற்றுப் படக்கதை நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி வந்தது.

'ஏகோபித்த' என்ற சொல்தான் என்னைச் சுட்டது. நான் ஒருத்தி இருக்கிறேனே! அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கல்யாணமாகி அண்ணியோடு வந்தான். அண்ணி சென்னைக்காரி. என் பெருமையை அவரிடம் எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, மனுஷனை இப்படியா திட்டி எழுதுவே?"

"எங்க அண்ணி திட்டினேன்? மனசுக்கு ரொம்ப பேஜாராயிடுச்சுன்னுதானே எழுதினேன்?"

"எங்க ஊர்ல பேஜார்னா தொல்லை, ரோதனை. ரிக்‌ஷாக்காரன் கூடச் சண்டை போடறப்ப சொல்றது."

எங்களுக்கோ பேஜார் என்றால் வருத்தம், மனம் கனப்பது. மறுபடி படித்துப் பார்த்தேன். ரோதனை, சோறு இறங்கவில்லை, இப்படி ஒரு கதையைப் படித்ததே இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு அறை. முகமூடிக்காரனின் முதுகில் குத்தியவர்களில் நானும் ஒருத்தி. அவமானத்தில் அன்றைக்கு உண்மையிலேயே சோறு இறங்கவில்லை.

நாவலாசிரியருக்குப் பத்திரிகை முகவரியில் நீளமாக மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவர் பெரிய மனிதர், பதில் போட்டார்.

'தங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் தாங்கள் குறிப்பிடும் வாரம் நான் விஷக்காய்ச்சலில் படுத்திருந்தேன். படம் வரைபவரே ஏதோ எழுதி ஒப்பேற்றிவிட்டார். நான் எழுதியிருந்தால் அந்தத் தாய் நாலு வார்த்தை பேசியிருப்பாள்.'

அப்பா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "நாலா? நாப்பது பேசியிருப்பா" என்றார்.

படம் வரைந்தவர் யார் என்று இதழ்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். நாவலாசிரியரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இவர் பெயர் எங்குமே இல்லை. 'படம் வரைந்தவர் அவர்களுக்கு' என்று மட்டும் மேல்விலாசம் எழுதி, அப்பாவிடம் கொடுத்துத் தமிழைத் திருத்திக்கொண்டு, இன்னொரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. படக்கதை நின்றதுமே பத்திரிகையை விட்டுப் போய்விட்டாராம். பிறகு பத்திரிகை ஆபீஸில் விசாரித்தபோது சொன்னார்கள். அந்த ஒரு வாரத்துக்காக அவரைப் பாராட்டி அச்சில் வந்த ஒரே கடிதத்தை, அவர் வசவு என்றுதான் படித்திருப்பார்.