உத்தரவின் பின்பக்கம்

போலந்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் நிலவறையில், சைக்கிள்களை ஓரங்கட்டிவிட்டு ஆளுக்கொரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். குண்டு விழுந்தால் உட்காருவதற்கு. கீழ்வீட்டு ஹன்னா அம்மாள் என் நாற்காலியைக் காட்டி, "உனக்கென்ன, உன் நாடு இந்தச் சண்டையில் இல்லை" என்றார். தலையாட்டினேன். என் தம்பி அந்தச் சண்டையில்தான் இருக்கிறான் என்று அவர் மொழியிலேயே சொல்லியிருக்கலாம். எந்தப் பக்கம் என்று அடுத்துக் கேட்பார்.

அடுத்த நாட்டுப் போர் எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு எப்படிப் போனது என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். கப்பல்கள் வழி மாறின. தேர்வாய் கண்டிகையில் தம்பி ஜீவா வேலை பார்த்த ஆலைக்கு மூலப்பொருள் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களை முதலில் நிறுத்தினார்கள். பிறகு வெளிநாட்டில் வேலை என்று ஓர் ஏஜென்ட் வந்தான்.

"குடோன்ல மூட்ட அடுக்கற வேலக்கா. நீ மட்டும்தான் பிளேன்ல போவியா?" என்று ஜீவா போனில் சிரித்தான். அப்பாவும் அவனும் ஒப்பந்தக் கூலிகளாகக் கேட் பாஸிலேயே காலம் தள்ளியவர்கள். பெயர் அச்சடித்த வேலை உத்தரவை இருவரும் கண்டதில்லை. ஏஜென்ட் கொடுத்த உத்தரவை அப்பா அன்றே லாமினேஷன் போட்டு, முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். "மழைல நனஞ்சாலும் ஒண்ணியும் ஆவாது. நீ படிச்சவ, ஒருதபா பாத்து சொல்லும்மா."

நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். பெயர், சம்பளம், விசா, முத்திரை என்று ஆங்கிலத்தில் இருந்த நான்கையும் சரிபார்த்து, போகலாம் என்றேன். தாளைத் திருப்பச் சொல்லத் தோன்றவில்லை.

அவன் போன மூன்றாம் வாரம் போனில் ஜீவாவின் குரல் வந்தது. "அக்கா, துப்பாக்கி குட்த்துகீறாங்க. ஊட்டுக்குப் போறேன்னா அந்த ஆர்டரத் திருப்பிக் காட்றாங்க." அதற்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பே இல்லை. அப்பா பின்பக்கத்தை அனுப்பினார்; முழுக்கப் படையெடுத்த நாட்டின் மொழி. அந்த மொழி தெரிந்தவள் என்னுடன் வேலை செய்யும் ஏவா. "இதில் குடோன் இல்லை. ஓராண்டு ராணுவ சேவை" என்றவள், யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய அண்ணன் எதிர்ப்பக்கத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்திருப்பவன். அன்றிலிருந்து அவள் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

எழுத வேண்டிய அலுவலகங்களுக்கெல்லாம் எழுதிவிட்டேன். அப்பா ஒரே ஒருமுறை கேட்டார்: "நீ பாத்துதானம்மா சொன்ன?"

இந்த மாதம் எங்கள் ஆலை டிராக்டர் பாகங்களை நிறுத்திவிட்டு, ஏவாவின் அண்ணன் பக்கத்துப் பீரங்கிகளுக்கு எறிகணை உறை செய்கிறது. ஒவ்வொன்றையும் அளந்து சீட்டு ஒட்டுவது என் வேலை. நேற்று ஓர் உறையில் மயிரிழைக் கீறல் இருந்தது. தள்ளினால், அதன் இடத்தில் நல்லது ஒன்று ஜீவா இருக்கும் பக்கம் பறக்கும். விட்டால், சுடுகிறவனின் பீரங்கிக்குள்ளேயே வெடிக்கலாம். ஒரு கையில் பச்சைச் சீட்டும் மறு கையில் சிவப்புச் சீட்டுமாக நின்றேன். எதிர் மேசையிலிருந்து ஏவா என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.