உலக வரலாற்றில் நான் விழுங்கிய இருபது வருடம்

தொண்டையை வைத்துப் பிழைக்கிற தொழிலில் கடை, முதல், சரக்கு எல்லாமே கழுத்துக்குள்தான். சளி பிடித்தால் கதவடைப்பு. கண்டக்டர்களே, வாத்தியார்களே, ஏலம் போடுகிறவர்களே, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சைகையில் சாப்பாடு கேட்கிற என் கட்சிக்காரர்களே! இது உங்களுக்குத்தான்.

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்வது என் வேலை. வீடு ஸ்ரீரங்கம், வேலை திருச்சி தென்னூரில், ஒரு சின்ன அறையில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்கோடு நான். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு ஷகிலா அக்கா. என் தும்மலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எடுப்பது அவர் பொறுப்பு. போன வருடம் எங்களுக்கு வந்தது பி.ஏ. மாணவர்களின் உலக வரலாறு. பண்டைய நாகரிகங்கள் முதல் இன்றுவரை, தலையணை கனத்தில் ஒரே புத்தகம். பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பரீட்சையைக் கண்டாலே வயிற்றுவலி வந்த என்னிடம், மனித குலத்தின் கதை முழுவதையும் நம்பி ஒப்படைத்தார்கள்.

ஆடி மாத மெசபடோமியா

இதற்கு முன்னால் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வட்டாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடை விளம்பரம் சொன்னவன். பதினைந்து வருடப் பழக்கம். முதல் பாடத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பதிவு செய்ததை முதலில் கேட்டுச் சரி சொல்கிறவள் செல்வி. தொட்டியத்தில் வாழை விவசாயம் செய்கிற குடும்பத்துப் பெண். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. படித்துக் காட்ட ஒழுங்கான ஆள் அமையாமல் இந்த உலக வரலாற்றுப் பேப்பரில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. பாஸானால் பி.எட். படித்து டீச்சராகலாம் என்பது அவள் ஆசை. மூன்றாவது தடவையும் போனால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். இது தெரிந்த பிறகு எனக்கு மைக் முன்னால் உட்காரவே கொஞ்சம் பயம்தான்.

முதல் பாடத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"குரல் நல்லா கணீர்னு இருக்குண்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, மெசபடோமியாவுல இந்தத் தள்ளுபடி எந்தத் தேதி வரைக்கும்?"

படத்தைப் பார்க்கவும்

எகிப்துப் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் "படத்தைப் பார்க்கவும்" என்று இருந்தது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஷகிலா அக்கா கண்ணாடியைத் தட்டி, "நீ பாத்துட்ட, அவங்க?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து படங்களையும் சொந்த வார்த்தையில் சொல்ல ஆரம்பித்தேன். அடி சதுரமாக இருக்கும், மேலே போகப்போகக் குறுகும், நம் மலைக்கோட்டையை விட உயரம் என்று பிரமிடைச் சொன்னேன். மலைக்கோட்டையில் செல்வி அத்தனை படியும் ஏறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டவள்.

நைல் நதி வரைபடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆற்றின் இரண்டு கரையில் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள் என்றால் அவளுக்கு என்ன புரியும்? பச்சையும் மஞ்சளும் அவளுக்கு வெறும் வார்த்தை. நான் திணறுவதைக் கேட்டு, தங்கள் ஊர் ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் வண்டல் எவ்வளவு தூரத்துக்கு நிற்கும், அதில் கால் எப்படிப் புதையும், எங்கே மண் சொரசொரப்பாக மாறும் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதை அப்படியே பதிவு செய்தோம். புத்தகத்தில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது. இன்றுவரை அந்த இடத்தைக் கேட்டால் எனக்குப் பெருமைதான், நியாயமாக அது அவளுக்குச் சேர வேண்டியது. பிரமிடைப் பற்றி மட்டும் அவளுக்குத் திருப்தி வரவில்லை.

"மலைக்கோட்டையை விட ஒசரமா கட்டியிருக்காங்க, மேல ஏற ஒரு படிகூட வைக்கலியேண்ணே. அப்புறம் என்னத்துக்கு?"

ராஜாவின் தலை

கஷ்டமான பெயர்கள் வருகிற பாடத்தை முதல் நாளே வீட்டில் உரக்கப் படித்துப் பழகிக்கொள்வேன். என் வீடு மாடியில். கீழே வீட்டுக்காரர், கோயில் கைங்கர்யத்தில் இருக்கிற ஆசார சீலர். பிரெஞ்சுப் புரட்சி வந்த வாரம் நான்கு நாள் காலை ஏழு மணிக்குச் சிறையை உடைத்து, பிரபுக்களைத் துரத்தி, ராஜாவைக் கொலைமேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பழைய ஆட்டோ மைக் குரல் வேறு.

ஐந்தாம் நாள் அவர் மாடிப்படியில் பாதி ஏறி நின்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கையில் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நல்ல காரியம் பண்றேள், ஒண்ணும் சொல்றதுக்கில்லே. ஆனா நான் கீழே பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணிண்டிருக்கச்சே தெனமும் மேலே ஒரு ராஜாவோட தலை போறது. அதை ஒன்பது மணிக்கு மேல வெச்சுக்கப்படாதோ?"

இளநீர்

கொலம்பஸ் கப்பலேறும் கட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் "எளநீ, எளநீய்" என்று கூவிவிட்டார். அது பதிவில் விழுந்தது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துத் தெரிந்ததும் ஷகிலா அக்கா, மானம் போச்சு என்று வெட்ட உட்கார்ந்தார். வெட்டப் போகிறோம் என்று கேள்விப்பட்டு, செல்வி அன்றைக்கே ஹாஸ்டலிலிருந்து போன் செய்துவிட்டாள்.

"அதை எடுத்துடாதீங்கக்கா. எளநீக்கு முன்னாடி இடைக்காலம், எளநீக்குப் பின்னாடி நவீன காலம்னு ஹாஸ்டல்ல எல்லாரும் குறிச்சு வெச்சிருக்கோம்."

ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

பரீட்சைக்கு முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமை. பரீட்சைக்குப் படிக்க ஊருக்குப் போயிருந்த செல்வி போன் செய்தாள். வழக்கமான கிண்டல் இல்லை, சிரிப்பும் இல்லை. "அண்ணே, முதல் உலகப் போர் முடியுது. அடுத்த நிமிஷமே இரண்டாவது ஆரம்பிச்சிடுது. நடுவுல யாரும் வீட்டுக்கே போகலியா?"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தொண்டைக்காக நான் பக்கத்திலேயே வைத்திருக்கும் பனங்கற்கண்டுப் பால் எப்போதோ சிந்தியிருக்கிறது. ஒரு பாடம் முழுவதும் தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது. இரண்டு போருக்கும் நடுவே இருபது வருடம், ஒப்பந்தம், சங்கம், பஞ்சம், மீசைக்காரர் என அத்தனையையும் நான் விழுங்கியிருந்தேன். ஒரு பாடத்தின் கடைசி வரிக்கும் அடுத்த பாடத்தின் முதல் வரிக்கும் நடுவே போனதால் எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை, தனித்தனிப் பாடமாகக் கேட்டுச் சரி சொன்ன செல்விக்கும் தெரியவில்லை.

செல்போனில் படித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் கடைசி வாய்ப்பில் கை வைத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாள்களை ஆவி காட்டிப் பிரித்து எடுத்துக்கொண்டு தொட்டியம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். முசிறி தாண்டும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் அவள் அப்பா வாழை இலைகளைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் தப்பை அவரிடம் சொன்னேன். "சரி, படிங்க சார்" என்றார், அவ்வளவுதான். நான் படித்தேன். தோற்ற நாட்டின் நிலத்தைப் பிடுங்கி, படையைக் கலைத்து, தலைகுனிந்து கையெழுத்துப் போட வைத்த பகுதி வந்தபோது அவர் கை நின்றது. "இப்படி அழுத்துனா அவன் சும்மா இருப்பானா? நம்ம வாய்க்கா தகராறுல பெரியசாமி பண்ணுனானே, அந்த மாதிரில்ல ஆவும்?" என்றார்.

நான் அடுத்த பக்கத்தைத் தேடினேன். அதற்குள் செல்வி ஆரம்பித்துவிட்டாள். வாய்க்கால் தகராறில் தொடங்கி ஜெர்மனிக்குப் போனாள். அங்கிருந்து நெப்போலியனுக்குப் பின்னோக்கி, ரோமாபுரி வரைக்கும் போய், எங்கெல்லாம் தோற்றவனை அழுத்தினார்கள், எங்கெல்லாம் தட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒன்றுக்குக்கூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் மாதக்கணக்கில் படித்ததெல்லாம் அந்த வாசலில் அவளுடையதாக ஆகியிருந்தது. தேடிய பக்கத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு நானும் கேட்டேன்.

கிளம்பும்போது என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் நடந்து வந்தார்.

"இவளுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது சார். நான் உக்காந்து கேட்டதே இல்ல."

ரிசல்ட்

செல்வி பாஸ். ஷகிலா அக்கா தென்னூர் முழுக்கக் கேட்கும்படி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், வீட்டுக்காரர் மறுபடி பொங்கல் கொடுத்தார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: நான் தொட்டியம் வரை போய்ப் படித்த பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வந்தது?

"ஒண்ணுகூட வரலண்ணே. ஆனா ரிசல்ட்டுக்கு முந்தியே, பாஸோ ஃபெயிலோ நீ படின்னு அப்பா சொல்லிட்டாரே, அது அந்தப் பாடத்தாலதான்."

ஆதிகாலம் முதல் இன்றுவரை உலக வரலாறு முழுவதையும் வாய்விட்டுப் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அத்தனை மகாராஜாக்களும் தளபதிகளும் செய்த தப்புகளில் ஒன்றுகூட, நான் பாலைச் சிந்தி வைத்த தப்பைப் போல இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை.