பாதி எண்ணெய்

குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு காலையில், அருவிக்கரைக் கல்லில் என்னைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்தவரின் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. கைகால் குச்சி, வயிறு பானை, கண் மஞ்சள். அடிக்கொருதரம் அரைஞாண் கயிற்றுக்குள் விரலை விட்டு, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்.

“குடியா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன்.

“எல்லாரும் இதத்தான் கேக்காவ. ஒரு சொட்டு தொட்டதில்லவே. காமாலைக் கிருமி ஈரலக் கல்லாக்கிட்டு. ஓடைக்குக் குறுக்க பாறை கெடந்தா தண்ணி சும்மா நிக்குமா? பக்கத்துல பாயும்லா? அப்படித்தான் ரத்தம் தொண்டைக்குழாய் நரம்புல பொடச்சு நிக்காம். வெடிச்சா முடிஞ்சுதுன்னாரு டாக்டரு. ரத்தத்துல ஆல்புமின்னு ஈரல் செய்யுற சத்தும் கொறஞ்சுட்டாம், அதான் வயித்துல தண்ணி.”

பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்: “காலையில வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பு.”

உள்ளே ரத்தம் கசிகிறது என்று எனக்குப் புரிந்தது. துள்ளி எழப் பார்த்தேன். “ஆட்டோ பிடிக்கேன், தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அவர் என் முதுகை அமுக்கினார். “சும்மா கெடயும்வே. பாதி எண்ணெயில ஆள எழுப்புனா தொழில் வெளங்காது. ரெண்டு காலுதான் பாக்கி.”

கெஞ்சிக்கொண்டே படுத்துக் கிடந்தேன். வலது காலை முடித்து இடது காலைத் தொட்டதும், கல்லெல்லாம் ரத்தமாக வாந்தியெடுத்தார்.

ஆட்டோவில் அவர் தலை என் எண்ணெய்த் தோளில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண்ணைத் திறந்து, “இடது காலு அப்படியே நிக்கே” என்றார்.

அன்று சாயங்காலம் இறந்துபோனார். குளிக்கும்போது, இடது காலுக்கு வந்ததும் இன்றும் என் கை தயங்கி நின்றுவிடுகிறது.