வெள்ளைக் கோடு

உங்கள் காரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட்டை என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? அவள் அதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறாள். சக்கரத்தின் சாய்வை அளந்து அளந்து ‘கோணக்கா’ என்றே பேராகிவிட்டது. “எங்க குடும்பத்துல நேரா இருக்கிற ஒரே ஆள் இவதான், பேருதான் கோணல்” என்று தம்பி கிண்டலடிப்பான்.

தம்பி விடுமுறை நாள் பந்தயக்காரன். சாதாரண வீட்டுக் கார்கள் ஓடும் அமெச்சூர் பிரிவு. வளைவில் டயர் நன்றாகக் கவ்வ, முன்சக்கரங்களின் மேல்புறம் சற்று உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். அதற்கு விதி விட்டுவைத்த வழி ஒன்றே ஒன்று: சஸ்பென்ஷனைச் சக்கரத்தோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒல்லியான போல்ட் போடலாம். ஓட்டையில் மிஞ்சும் இடைவெளி அளவுக்குச் சக்கரம் சாயும். அது நழுவாமலிருக்க ஒரு தகடு வைத்துப் பூட்டலாமே என்றால், கூடாது. வெளிப்பொருள் எதையும் சேர்க்கக் கூடாதாம்.

அதனால் போல்ட்டை முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பாள் கோணக்கா. கோடு உடைந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

போன வருடம் ஒரு ஓட்டுநர் வளைவில் திரும்பாமல் நேரே சுவரில் மோதிச் செத்தான். “கெட்ட நேரம்” என்று பந்தயச் சங்கம் கைகழுவியது. நேரத்துக்கு ஏது கை, போல்ட்டை நகர்த்த? நொறுங்கிய காருக்கு அடியில் அவள் படுத்துப் பார்த்தாள். அவள் இழுத்த கோடு இரண்டாகக் கிடந்தது.

சங்கச் செயலாளரிடம் போனாள்.

“ஒரே ஒரு தகடு சார். அதை மட்டும் அனுமதிங்க.”

“இன்னிக்குத் தகடுன்னு விட்டா, நாளைக்குக் காசு உள்ளவன் மொத்தத்தையும் மாத்திட்டு வருவாம்மா. இல்லாதவனுக்காகத்தான் இந்த விதியே.”

“செத்தவன் இல்லாதவன்தான் சார்.”

அவர் கைபேசியை எடுத்துத் தடவத் தொடங்கினார்.

இன்று இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். காலைப் பயிற்சி ஓட்டம் முடிந்து தம்பி காரோடு வந்து நின்றான். அவள் குனிந்தாள். கோடு நேராக இருந்தது.

“பாத்தாச்சா? இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்காத. கொஞ்சம் சிரி.”

கோட்டை விரலால் தொட்டாள். நேற்றே காய்ந்திருக்க வேண்டிய கோடு அது. விரலில் வெள்ளை ஒட்டியது.

“டேய், யாருடா இதைத் துடைச்சிட்டுப் புதுசா இழுத்தது?”

அவன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தான். “கொஞ்சூண்டுதான் நகர்ந்திருந்துச்சுக்கா. நல்லா முறுக்கிட்டேன்.”

“பழைய தடிச்ச போல்ட்டையே போடறேன். இறங்கு.”

“போட்டா கடைசியிலதான் வருவேன். இன்னிக்கு ஜெயிச்சா கோப்பை நமக்கு.”

“அவனும் முறுக்கிட்டுத்தான்டா போனான்!”

கார் கிளம்பிவிட்டது. கோணக்கா ஓடிப்போய்த் தொடக்கக் கோட்டில் அதன் முன்னால் நின்றாள். எஞ்சின்கள் உறுமுகின்றன. ஒலிபெருக்கியில் செயலாளரின் குரல்: “அந்தம்மாவை அப்புறப்படுத்துங்க.” இரண்டு பேர் வருகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தம்பி அவளைப் பார்க்காமல், பச்சை விழப்போகும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பார்வையாளர் படிகளில் கைதட்டக் காத்திருக்கும் நீங்கள், எழுந்திருங்கள். இறங்கி வந்து அவள் பக்கத்தில் நில்லுங்கள்.